இரண்டு ஓட்டை போட்ட சல்லாத்துணி

ஷுப்ரா, கெய்ரோ
10 மார்ச் 1959

மதிப்புக்குரிய லபீப் அண்ணன் அவர்களுக்கு,

ரிஸ்கல்லா வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் வீட்டுக்காரி இன்ஸாஃபும் குழந்தையும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் பெய்ரூட்டில் பரிசுக் கோப்பையோடு நிற்கும் படத்தைப் பத்திரிகையில் பார்த்தேன். மூக்குக்குக் கீழே கன்னங்கரேலென்று நிழல். நம் கேமராவில் நான் அப்படி எடுத்திருந்தால் முதுகுத் தோலை உரித்திருப்பீர்கள்.

உங்கள் ஞானமகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. ஞானத்தகப்பன் எப்போது வருவார் என்று கேட்கிறாள். அவர் பெரிய டைரக்டர் ஆகிவிட்டார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் பேட்டியை மூன்று தடவை படித்தேன். கேமராக்காரனாகப் பதினெட்டு வருஷம் நடிகைகளின் சுருக்கங்களை மறைத்தீர்களாம். டைரக்டர் ஆனதும் இனி மறைப்பதில்லை என்று முடிவெடுத்தீர்களாம். மகனை வாய்க்காலில் பறிகொடுத்த சலவைக்காரியின் அந்த ஒரு முகம்தான் படமே என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அடேயப்பா! முடிவெடுத்தவர் நீங்கள் என்றால், மறந்துபோனவன் யார் அண்ணா?

அந்த முகத்தை எடுத்த அன்று காலை, சலவைக்காரியாக நடித்த தவ்ஹீதா மேடத்தின் குளோசப்புக்காக, சுருக்கம் தெரியாமலிருக்க லென்ஸில் சல்லாத்துணி கட்டி வைத்திருந்தேன். கண்கள் மட்டும் பளிச்சென்று தெரிய, நீங்கள் பழக்கியபடியே சிகரெட்டால் இரண்டு ஓட்டை சுட்டிருந்தேன். நீங்கள் வந்து அதை அவிழ்த்து என் சட்டைப் பையில் திணித்து, "அவகிட்ட மூச்சு விடாதே" என்றீர்கள். மறுநாள் அதைத் திரையில் போட்டுப் பார்த்தபோது, "என்னைக் கிழவியாக்கிட்டீங்களேடா!" என்று மேடம் கத்தினார். நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். "மறந்துட்டான் மேடம், புதுசுதானே" என்றீர்கள். துணி அப்போதும் என் பையில்தான் இருந்தது. வெளியே வந்ததும் சரிசெய்துவிடுவீர்கள் என்று நம்பி வாயை மூடிக்கொண்டேன். முட்டாள்.

அதற்குள் செட்டைப் பிரித்துவிட்டதால் மறுபடி எடுக்க முடியாமல் அந்த ஷாட் பிழைத்தது. நான் பிழைக்கவில்லை. மேடமே நிற்க மாட்டேன் என்ற கேமராவுக்கு முன்னால் வேறு எந்த நடிகை நிற்பாள்? இரண்டு வருஷமாக இந்தத் தெருவில் அடையாள அட்டைக்கும் கல்யாணத்துக்கும் போட்டோ பிடிக்கிறேன். இன்ஸாஃப் உங்கள் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். நோன்பு நாளில் என்னைப் பாவம் பேச வைக்காதே என்கிறாள்.

நேற்று கடைக்குக் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். தவ்ஹீதா மேடம். என்னைப் பார்த்ததும், "அட, என் முகத்தை ஊருக்கே உரிச்சுக் காட்டினவனாச்சே நீ!" என்றார். நான் விளக்கைச் சரிசெய்தேன். "உங்க லபீப் அடுத்த படத்துக்கும் என்னைக் கூப்பிட்டிருக்கான். வேணும்னேதான் சுருக்கத்தை மறைக்கலேன்னு பேப்பர்ல சொல்றான். அப்போ நீ மறக்கலையா?" என்று கேட்டார்.

"அவரையே கேளுங்க மேடம்" என்றேன். நான் சொன்னால் வேலைக்காகப் புளுகுகிறேன் என்றுதான் நினைப்பார். கிளம்பும்போது வாசலில் நின்று, "கேக்கத்தான் போறேன். அவன் வாயால ஆமான்னு சொல்லட்டும், அந்தப் படத்துக்கு நீதான் கேமரா. இல்லேன்னா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரக் கப்பலில் அவர் அங்கே வருகிறார். அதற்குள் இது உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். பரிசு உங்களுடையது. அந்த முகத்தை அப்படி எடுக்க நினைத்தவர் நீங்கள்தான், அதில் நான் பங்கு கேட்கவில்லை. துணியை அவிழ்த்தது நீங்கள் என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள். பேப்பருக்குச் சொல்ல வேண்டாம், அவருக்குச் சொன்னால் போதும்.

அந்தத் துணியை இதோடு வைத்திருக்கிறேன். சுட்ட ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. என் பையில் திணித்தது நீங்கள், அதனால் உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன்.

ஆண்டவர் உங்கள் கண்களுக்கு ஒரு குறையும் வராமல் காக்கட்டும். மேடம் கேட்கும்போது அவர் முகத்தை நேராகப் பார்க்க அவை உங்களுக்கு வேண்டும்.

இன்னமும் உங்கள் கேமராக்காரன்,
ரிஸ்கல்லா