பூஸ்டர் பெட்டியும் எர்த் ஒயரும்

14-8-1978, திங்கள்

வர்ற ஞாயிறு மெட்ராஸ் டி.வி.யில் எங்கள் மகள் சுஜாதா பாடுகிறாள். இங்கே புதுசாக மாட்டின டி.வி.யில் மூணு நாளாக வெறும் புள்ளிகள்தான். சிக்னலைக் கூட்டித்தரும் பூஸ்டர் பெட்டியை ரெண்டு தரம் கழட்டி மாட்டினேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

சாயங்காலம் சம்சாரம் கமலா கேட்டாள்: "ஆன்டெனாலேர்ந்து ரெண்டு ஒயர் வருது. ஒண்ணு பெட்டிக்குப் போவுது. இன்னொண்ணு இன்னாத்துக்கு தண்ணிக் குழாய்க்குப் போவுது?"

இருபது வருஷம் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். எதைத் தொட்டாலும் முதலில் எர்த் கட்டுகிற கை, பெட்டிக்குப் போகவேண்டிய சிக்னல் ஒயரையும் எர்த்தென்று குழாயில் கட்டியிருக்கிறது! அவிழ்த்துப் பெட்டியில் மாட்டினேன். ஒரு பெண்ணின் முகம் வந்தது. செய்தி வாசிக்கிறவள்தான். கமலா அதற்கே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குரல்தான் இன்னும் வரவில்லை. ஆறு நாள் இருக்கிறது.