எலி இல்லாத வீடு

தாழ்வுபாடு, மன்னார்.
04.02.2024

அன்பு மகள் டிலோஜினிக்கு,

நான் சுகம், முழங்கால் மட்டும் தன் பாட்டில் முணுமுணுக்கிறது. தொலைபேசியில் முகம் காட்டுவதை நான் பேச்சாகக் கணக்கெடுப்பதில்லை. ஆகவே கடிதத்தில் கேட்கிறேன். படிப்பு முடிந்ததும் வீட்டோடு வந்துவிடுவேன் என்றாய். போன ஆனியில் முடிந்துவிட்டது. எப்போது வருகிறாய்?

உன் அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. அலுமாரிக்குப் புதுப் பூட்டு. எனக்குத்தான் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கதிரையை விறாந்தைக்கு இழுக்கிறேன், பிறகு குசினிக்கு இழுக்கிறேன்.

எலிகளை ஆராய்கிறவளுக்கு ஒரு செய்தி. கருவாடு காயும் இந்த ஊரில் எலி இல்லாத வீடு நம்முடையதுதான். அப்பா சிந்தும் பாண் தூளுக்கு அந்த நாளில் ஓடித் திரிந்தவை. அவர் போனபின் என் துப்புரவுக்கு ஒன்றும் நிற்கவில்லை.

தேதியை எழுது.

அம்மா,
எமறென்சியா எமிலியானுஸ்


எடின்பரோ,
02.03.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறீர்களா?

இங்கே வேலை அதிகம். ஸ்கொட்லாந்துக்கு மேற்கே சென்ற் கில்டா என்று சில தீவுகள். முற்காலத்தில் யாரோ படகுக்காரரின் மூட்டைக்குள் ஒளிந்து எலிகள் அங்கே போயிருக்கவேண்டும். வேட்டையாடக் கீரியோ மரநாயோ இல்லை, குளிர்காற்று மட்டும். தலைமுறை தலைமுறையாகப் பருத்து, அங்குள்ள வயலெலி இன்று ஸ்கொட்லாந்துக் கரையிலுள்ளதைப்போல இரண்டு மடங்கு நிறை.

வீட்டெலியும் இருந்தது. அது மனிதரை அண்டியே வாழ்ந்தது. 1930இல் சனம் முழுவதும் தீவைவிட்டு வெளியேற, இரண்டொரு வருடத்தில் வீட்டெலி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தீவில் பருத்த எலியைத் திரும்பக் கரையில் விட்டால் தாங்குமா என்று நேற்று ஒரு மாணவி கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன் அம்மா.

தேதியைப் பிறகு எழுதுகிறேன்.

அன்பு மகள்,
டிலோ


தாழ்வுபாடு,
28.03.2024

அன்பு மகளுக்கு,

‘ஒரு மாணவி கேட்டாள்’ என்று எழுதியிருக்கிறாய். மாணவி இருந்தால் அவளுக்கு ஆசிரியையும் இருக்கவேண்டும். அங்கே உனக்கு நிரந்தர வேலை கிடைத்துவிட்டதா? ஓமா, இல்லையா? கன்னியாஸ்திரிமாரிடம் படித்தவள் நான். சுற்றி வளைத்த விடைக்குப் புள்ளி போடமாட்டேன்.

வீட்டெலியைப் பற்றி வாசித்தபின் எழுந்து குசினிக்குள் போய் நின்றேன். ஒருத்திக்கு அரைச் சுண்டு அரிசி. சிந்துவதற்கு என்ன இருக்கிறது? இவ்வளவு காலமும் என் துப்புரவு என்று நினைத்திருந்தேன்.

அம்மா


எடின்பரோ,
15.04.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

ஓம். தை மாதமே கிடைத்தது. எழுதப் பயந்தேன். உங்களைத் தனியே விட எனக்கு மனமில்லை. நீங்கள் இங்கே வாருங்கள். விசாவை நான் பார்க்கிறேன். தயவுசெய்து கோபிக்காதீர்கள்.

டிலோ


தாழ்வுபாடு,
20.06.2024

அன்பு மகளுக்கு,

இது விடை. முழுப் புள்ளி. தை மாதமே எழுதாததற்கு மட்டும் ஐந்து குறைக்கிறேன்.

உன் மாணவிக்கு நீ சொல்லாததை நான் சொல்கிறேன்: தாங்காது. நீ இங்கே தாங்கமாட்டாய், நான் அங்கே தாங்கமாட்டேன். விசாவுக்கு ஓடாதே.

இந்தியாவில், மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பிய பூமணியும் புருசனும் மூன்று பிள்ளைகளும், பாப்பாமோட்டையில் வீடு கட்டி முடியும்வரை இருக்க இடம் தேடி வந்தார்கள்.

“இவ்வளவு பெரிய வீட்ல தனியா என்னம்மா செய்றீங்க?” என்றாள் பூமணி.

“துடைக்கிறன்.”

“அப்ப நாங்க வந்து அழுக்காக்கித் தர்றோம்” என்று சிரித்தாள். வாய்க்காரி. உன் அறையைக் கொடுத்துவிட்டேன். அலுமாரித் திறப்பும் அவளிடம்தான்.

பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் ‘ஆமா’ என்கின்றன. ‘ஓம் எண்டு சொல்லுங்கோ’ என்று நாள் முழுக்கத் திருத்துகிறேன். நேற்று மீன்காரன் கேட்டதற்கு நானே ‘ஆமா’ என்றுவிட்டேன். அவன் கூடையை இறக்கி வைத்துச் சிரித்தான்.

மார்கழியில் நத்தாருக்கு வா. விருந்தாளியாக வந்து போ. விறாந்தையில் பாய் தருவேன். கதிரை இப்போது ஓரிடத்தில்தான் கிடக்கிறது, அதில் எப்போதும் ஒரு பிள்ளை.

ஒன்று எழுத விட்டுப்போனது. காலையில் பாணின் மூலை கடிபட்டிருந்தது. வீட்டெலிதான். பொறி வாங்கட்டுமா என்று பூமணி கேட்டாள். அவசரமில்லை என்றேன்.

அம்மா