பட்டனில் தவறில்லை

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்
ஜனவரி 2012

என் அருமைத் தம்பி செந்தமிழ்செல்வனுக்கு, அக்கா கயல்விழி எழுதுவது.

புயலில் எங்கள் மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் தெரிந்துகொள். சமையலறைக் கூரை போய்விட்டது, அம்மா வாசலில் அடுப்பு வைத்துச் சமைக்கிறாள். கரண்ட் வரவில்லை. டவர் சாய்ந்து கிடப்பதால் செல்போனும் இல்லை. சிதம்பரத்தில் எங்கள் கல்லூரி ஆபீஸில் போன் வேலை செய்கிறதாம். ஆனால் அங்கே சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள். நீ சொன்ன விஷயத்தை நாலு பேர் நடுவில் நின்று பேச என்னால் ஆகாது. எதிர்வீட்டு ராமாமிர்தம் மாமா மகள் வீட்டுக்கு பெங்களூர் வருகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பண்ருட்டித் தோப்பைப் பற்றி உனக்கு எழுதக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். எழுதாமல் இருக்க முடியவில்லை. முந்திரி ஒன்றுகூட நிற்கவில்லை. பலா எல்லாம் வேரோடு பெயர்ந்து கிடக்கிறது. விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேலேயே அப்பா உட்கார்ந்திருந்தார். அழவில்லை. என்னைப் பார்த்ததும், "தம்பியோட மிஷினு முடிஞ்சிதாம்மா? அடுத்த மாசம் புரோகிராம் இருக்குதே, இந்த வாட்டியாவது ஒழுங்கா செஞ்சு குடு" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

"லேப்டாப்ல மியூசிக் வாசிக்கிறது மேசையோட என்னைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்குக்கா. வயர் இல்லாம கையிலயே ஒண்ணு இருந்தா மேடை பூரா நடந்துகிட்டே வாசிப்பேன்" என்று நீ கேட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கல்லூரியில் பிள்ளைகளுக்கு எலக்ட்ரானிக்ஸ் நடத்துகிறேனே தவிர, யாருக்காவது உதவுகிற மாதிரி ஒரு பொருளை நான் செய்ததே இல்லை. விரலுக்கு ஒரு பட்டன், கட்டைவிரலுக்கு ஒரு சக்கரம், கையைச் சாய்த்தால் ஓசை மாறும். லேப்டாப்பை வயரில்லாமல் இயக்கும் அந்த முதல் கன்ட்ரோலரைக் கையில் வாங்கியதும் நீ வீடு முழுக்க நடந்து வாசித்தாய். அம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு பட்டன் கெட்டியாக இருக்கிறது என்றாய். ஸ்பிரிங்கை மாற்றினேன். இன்னும் கெட்டி என்றாய். பட்டனையே எடுத்துவிட்டு, தொட்டாலே போதும் என்று ஆக்கினேன். கனமாக இருக்கிறது என்றாய், பேட்டரியைப் பிரித்து இடுப்பில் மாட்ட வைத்தேன். ஒவ்வொரு முறையும் என் வேலையில்தான் குறை என்று நம்பினேன்.

டிசம்பரில் எங்கள் கல்லூரி விழாவில் அது உன் கையிலிருந்து நழுவி விழுந்து, ஒரே ஓசை நிற்காமல் அலறியதே, அப்போதும் அப்படித்தான். மேடையேறி அதை அணைத்துவிட்டு, மிஷினில் கோளாறு என்று மைக்கில் சொன்னேன். முன்வரிசையில் இருந்த அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும், "ஏம்மா, நாலு பேரு முன்னாடி உன் மிஷினு புள்ளைய இப்படி நிக்க வெச்சிடுச்சே" என்றார். நீ குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாய்.

புயலுக்கு முந்தின நாள் நீ போன் செய்தாய். "அக்கா, பட்டன்ல ஒண்ணும் தப்பு இல்ல. என் கைதான்." நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறதாம், மருந்து கிடையாதாம். இதைச் சொல்லிவிட்டு, "அப்பா அம்மாகிட்ட சொல்லிடாதக்கா" என்றாய். விடிவதற்குள் ஊரே பிய்ந்துபோய்விட்டது.

இப்போது புதிதாக ஒன்று வரைந்து வைத்திருக்கிறேன். விரலே வேண்டாம், மணிக்கட்டில் கட்டிக்கொண்டு கையை அசைத்தால் போதும். ஆனால் அடுத்து முழங்கை, அதற்குப் பிறகு தோள் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாயே. நான் ஒன்றை முடிப்பதற்குள் உன் உடம்பு அதைத் தாண்டிப் போய்விடுகிறது. கரண்ட் வந்ததும் செய்வேன். செய்யாமல் சும்மா உட்கார முடியவில்லை, அதனால் செய்வேன். அது எத்தனை நாளைக்கு உதவும் என்று மட்டும் என்னைக் கேட்காதே.

அப்பா தினமும் என் மேசைப் பக்கம் வந்து எட்டிப் பார்க்கிறார். பழி என் மிஷின் மேலேயே இருக்கட்டும், எனக்கு வருத்தமில்லை. அது சரியானால் நீ சரியாக வாசிப்பாய் என்று அவர் காத்திருக்கிறாரே, அந்த முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. நான் சொல்ல மாட்டேன். நீ வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நீயே சொல்லிவிடு. பொங்கல், புரோகிராம் என்று எதற்கும் காத்திருக்காதே.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இந்த வீட்டில் யாருக்கும் வேறு நினைப்பு இல்லை. கடலூர் பஸ் ஸ்டாண்டில் நான் வந்து நிற்கிறேன். பையை நீ தூக்காதே. எல்லோரும் இறங்கட்டும், நீ உட்கார்ந்திரு. நான் ஏறி எடுத்துக்கொள்கிறேன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
கயல் அக்கா