பைகளுக்குக் காவல்

ஜனவரி 22, 2025, புதன்

கம்பெனியில் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் சூப்பர்வைசர் எங்கள் லைனை மட்டும் நிறுத்தி வைத்தார். எவள் தலை உருளப் போகிறதோ என்று நின்றால், பரிசாம்! மூன்று மாதமாக எங்கள் லைனிலிருந்து போன ஒரு பீஸ்கூடக் கோளாறு என்று திரும்பி வரவில்லையாம். அதற்காக ஒரு நாள் டூர், ஒகேனக்கல். பரிசல், அருவி, மீன் மார்க்கெட், கூடவே வந்து சுற்றிக்காட்ட ஒரு கைடு. குடும்பத்தோடு வரலாம்.

செக்கிங்கில் என் பக்கத்து சீட் மெஹ்னாஸ். என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "யக்கா, பரிசல்ல நீ என் பக்கத்துலதான் உக்காரணும்."

"எனக்குத் தண்ணில கண்டம்டி, தெரியாதா உனக்கு?"

"அதையே சொல்லிக்கிட்டுக் கெட," என்று கையை விட்டுவிட்டாள்.

நானா ஆசைப்பட்டுச் சொல்கிறேன்? கல்யாணமான புதிதில் அவதானப்பட்டி ஏரிக்குப் போனோம். படகில் வைக்கக் காலைத் தூக்கினேன், இவர் பின்னாலிருந்து புடவையைப் பிடித்து இழுத்தார். உன் ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம் இருக்கிறது, ஜோசியர் சொன்னார், பயப்படுவாய் என்றுதான் இத்தனை நாள் சொல்லவில்லை என்றார். அன்றைக்கு ஒதுங்கியவள்தான். முழங்காலுக்கு மேல் தண்ணீர் பட்டதில்லை. இவரும் என்னை விட்டுவிட்டு இறங்கியதில்லை. அதை நினைத்தால்தான் எனக்குச் சங்கடம். என்னால் அவரும் கரையில் காய்கிறார்.

ஜனவரி 23

"போலாம். ஆனா பரிசல் கிரிசல்னு அங்க வந்து அடம் புடிக்கக் கூடாது." இதுதான் இவர் பதில். நான் வாங்கிய பரிசு, ஒரு வாய் சந்தோஷமாக 'பரவால்லியே வீரா' என்று சொன்னால் நாக்கு வெந்துவிடுமா?

பிப்ரவரி 2, ஞாயிறு

ஸ்வாதி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாவது படிக்கிறாள், எதற்கெடுத்தாலும் அழுகிற பெண் இல்லை. என்னவென்று கேட்டால், "அப்பா என்னையும் ஏறக் கூடாதுங்கறாரு. உன் கண்டம் எனக்கும் வருமாம்" என்கிறாள்.

வந்ததே கோபம். தோசைக்கரண்டியோடு வாசலுக்குப் போனேன். பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கண்டம் என்ன, மூக்குக்கண்ணாடியா? அம்மா போட்டா பொண்ணும் போட?"

"கத்தாத, பக்கத்துல கேக்கும்."

"கேக்கட்டும். எனக்குன்னா நான் உக்காந்துக்கறேன். அவ ஏறுவா."

எங்கள் மூக்கண்டப்பள்ளி முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டுமே. கடைசியில், மெஹ்னாஸோடு என்றால் ஏறட்டும் என்று இறங்கி வந்தார்.

பிப்ரவரி 10, திங்கள்

லீவு போட்டுவிட்டேன். வேலைக்குப் போனால் யார் மேலாவது எரிந்து விழுவேன்.

நேற்றைய டூர். கைடு பேர் சின்னராஜ். தொப்பி, கழுத்தில் விசில், கையில் மைக். அஞ்செட்டிக் காட்டு வழியில் பஸ் திரும்பும்போதெல்லாம் ஒரு ஜோக்கு. மோசமில்லை, சிரித்துக்கொண்டேதான் போனேன். பரிசல் துறையில் இறங்கியதும் எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். என் கையிலும் ஒன்றைத் திணித்துவிட்டான். ஏறப் போவதில்லை என்று தெரியும், இருந்தாலும் மாட்டிக்கொண்டேன். கிளிப் போட்டேன். ஒரு நிமிஷம் போட்டுப் பார்த்தால் என்ன குடிமுழுகிவிடும்?

"ஒரு பரிசலுக்கு நாலு பேரு! பேக பன்னி, பேக பன்னி!" என்று, சீக்கிரம் வரச்சொல்லி, சின்னராஜ் கன்னடத்தில் விரட்டினான். அங்கே பாதிப் பேருக்கு அந்தப் பாஷையில் அவசரப்படுத்தினால்தான் கால் நகரும். மெஹ்னாஸ், அவள் அம்மா, ஸ்வாதி. மூன்று பேர். ஓர் இடம் காலி. ஸ்வாதி அந்த இடத்தைக் கையால் தட்டி, "வாம்மா" என்றாள்.

போனேன். என்ன தோன்றியதோ, ஜோசியராவது மண்ணாங்கட்டியாவது, பெற்ற பெண் கூப்பிடுகிறாள். ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன். பரிசல் ஆடியது. அந்த ஆட்டம்கூட நன்றாக இருந்தது. அதற்குள் பின்னாலிருந்து ஜாக்கெட்டைப் பிடித்து ஒரு இழுப்பு. கரையில் உட்கார்ந்தேன், தொப்பென்று. அத்தனை பேர் முன்னால்.

"அவளுக்குத் தண்ணில கண்டம்ங்க. அவளை விட்டுட்டு நானும் ஏறதில்ல" என்று ஊருக்கே சொல்கிறார் இவர். அந்த சின்னராஜ் சும்மா இருந்தானா? மைக்கை எடுத்துவிட்டான். "சம்சாரத்துக்காக பரிசலையே தியாகம் பண்ண மணிவேல் சாருக்கு எல்லாரும் ஒரு கை தட்டுங்க!"

தட்டினார்கள். அட ஆமாம், தட்டினார்கள்! சேற்றில் உட்கார்ந்திருக்கிறவள் நான், கைதட்டல் அவருக்கு.

அப்புறம் பைகள். "யக்கா, நீ இங்கதான இருப்ப, இதைக் கொஞ்சம் பாத்துக்க." "அம்மாடி, இந்த செருப்பையும்." "இதுல போன் இருக்குது, பத்திரம்." சந்தைக் கடை மாதிரி என்னைச் சுற்றிப் பரப்பிவிட்டுப் போய்விட்டார்கள். குரங்குகள் வந்தன. யாரோ வைத்துவிட்டுப் போன குச்சியால் நான் குரங்கு விரட்டிக்கொண்டிருந்தேன். இவர் ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேர்க்கடலை தின்றார். தோலை என் பக்கம் ஊதினார்.

அருவியிலும் அதே கதை. பெண்கள் குளிக்கிற பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாரலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். மீன் மார்க்கெட்டில் மட்டும் ஐயாவுக்கு உயிர் வந்தது. கட்லா பெரிதாகப் பார்த்து எடுத்தார், அங்கேயே அடுப்பு வைத்திருக்கிற அம்மாவிடம் கொடுத்துப் பொரிக்கச் சொன்னார், காரம் போடு, இன்னும் போடு என்று நின்றார். ஆற்று மீன் மட்டும் இனிக்கிறது.

பஸ்ஸில் ஸ்வாதி ஈரத் தலையோடு என் தோளில் சாய்ந்தாள். "பாறைக்கு நடுவுல போனோம்மா. பரிசல்காரர் துடுப்பை ஊனி கிர்ருனு சுத்திவிட்டாரு. வானம் சுத்துது, பாறை சுத்துது. நீ வந்திருக்கணும்." கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா ஏம்மா ஆத்தைப் பாக்கவே இல்ல?" என்றாள்.

வெயில் கண்ணில் அடித்திருக்கும் என்றேன்.

பிப்ரவரி 12

லைனில் ஒருத்தி: "உன் வீட்டுக்காரர் மாதிரி யாருக்கு அமையும் யக்கா!" பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். பல் வலிக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

கோபத்தோடு எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும்.

பேரிகைக்கு, அம்மாவைப் பார்க்கப் போனேன். அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தது. நானும் உட்கார்ந்து உரித்தேன். டூர் கதையைச் சொல்லிக்கொண்டே வந்து, இந்தக் கண்டம் எத்தனை வயது வரைக்கும், அந்த ஜாதகத்தைக் கொடு, ஓசூரில் நல்ல ஜோசியராகப் பார்த்துப் பரிகாரம் கேட்கிறேன் என்றேன்.

அம்மா உரிக்கிறதை நிறுத்திவிட்டது. "என்னா ஜாதகம்?"

"என் ஜாதகம்தான்."

"உனக்கு ஏதுடி ஜாதகம்? நீ பொறந்தப்ப ஊர்ல கரெண்டும் இல்ல, கடியாரமும் இல்ல. மழை கொட்டுது, மருத்துவச்சி வர்றதுக்குள்ள நீ வந்துட்ட. நேரத்தை யாரு பாத்தா? உனக்கு எழுதவே இல்ல. பேர் பொருத்தம் பாத்துத்தான் கட்டிக் குடுத்தோம்."

"அப்ப கண்டம்?"

"கண்டமா? யாரு சொன்னா?"

யாரு சொன்னா! அவரைக்காயை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அம்மா பின்னாலேயே கூப்பிட்டது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன், துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். நகத்தளவு கீறல் இருந்தாலும் பீஸைத் தூக்கித் தனியே போடுகிறவள் நான். எனக்கு ஜாதகம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கேட்டேனா? புருஷன் சொன்னார், முடிந்தது.

சரி. இல்லாத ஜாதகத்தில் கண்டம் எப்படி வந்தது?

பிப்ரவரி 17

வேலையில் கண் பீஸ் மேல், மனசு பூராவும் அவர் மேல். ராமேசுவரம் போனோமே, கடலில் முங்கினாரா? கடற்கரை வரை வந்து, கூட்டம் என்று சொல்லி, பைப்படியில் குளித்தார். போன ஆடிப்பெருக்குக்கு? காய்ச்சல் என்றார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்து கிடந்தது. ஆற்றுக்கு முதுகு. ஸ்வாதி பார்த்துவிட்டாள், ஒரே நாளில். நான்தான் குருடி.

பிப்ரவரி 18, செவ்வாய்

கேட்டுவிட்டேன். ஸ்வாதி டியூஷன் போன நேரம். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "எனக்கு ஜாதகமே இல்லியாம். கண்டம் எங்கருந்துங்க வந்துச்சு?" என்றேன்.

டீயை ஊதினார். ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்குத் தண்ணின்னா பயம். அதானே?"

டீயைக் கீழே வைத்தார். "சின்னதுல கெணத்துல விழுந்துட்டேன். முடியைப் புடிச்சுத் தூக்குனாங்க. அதுலருந்து ஆவறதில்ல" என்றார். 

அங்கேயே நிறுத்தியிருந்தால் எனக்கு மனசு இளகியிருக்கும். இளகவும் ஆரம்பித்தது. பக்கத்தில் உட்காரப் போனேன். அதற்குள் அடுத்ததைச் சொன்னார்.

"ஆம்பளைக்குப் பயம்னா ஊரு சிரிக்கும் வீரா. பொம்பளைக்குக் கண்டம்னா யாரும் சிரிக்க மாட்டாங்க. உனக்கு என்ன நஷ்டம் அதுல?"

நஷ்டமா? என்ன நஷ்டமா! சேத்துல உக்காந்தனே, குரங்கு வெரட்டுனனே, அது யாரு? 'என்னால இந்த மனுஷன் கரையில கெடக்கறாரே'ன்னு வருஷக்கணக்கா உள்ளுக்குள்ள செத்துச் செத்துப் பொழைச்சனே, அது யாரு? பயம் உங்களோடது, பேரு என்னோடதா? பத்தாததுக்கு என் பொண்ணு தலையிலயும் கட்டப் பாத்தீங்களே! பயமா இருக்குதுன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா, கையப் புடிச்சுக்கிட்டு நானே கூட உக்காந்திருப்பனே —

இவ்வளவையும் அவரிடமே சொன்னேன். இங்கே எழுதியதைவிட அதிகமாகவே சொன்னேன். டீ அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது.

பிப்ரவரி 19

பேசவில்லை.

பிப்ரவரி 21

பேசவில்லை. ரசத்தில் உப்புப் போடவில்லை. மறந்து இல்லை, வேண்டுமென்றுதான். வாயைத் திறக்காமல் ஊற்றிச் சாப்பிட்டார். அதற்கும் கோபம் வந்தது எனக்கு.

மார்ச் 1, சனி

மல்லிகைப்பூ வாங்கி வந்து அடுப்படித் திண்டில் வைத்தார். பூ வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஸ்வாதிக்கு வைத்துவிட்டேன்.

"யார்கிட்டயும் சொல்லிடலையே?" என்றார்.

அதுதான் கவலை! மெஹ்னாஸிடம் சொல்ல நாக்கு அரிக்கிறது, தினமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் சொல்லவில்லை. அதை அவருக்குச் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். "நானா போய் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா இனிமே யாரு கேட்டாலும் எனக்குக் கண்டம்னு என் வாயில வராது. நீங்க என்ன சொல்றீங்களோ சொல்லிக்கோங்க. என் தலையில மட்டும் வைக்காதீங்க."

தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். இன்னும் தீரவில்லை எனக்கு. சாப்பாடு போடும்போது கரண்டி தட்டில் கொஞ்சம் பலமாகத்தான் இடிக்கிறது.

மார்ச் 12

சின்னராஜுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஓசூரிலிருந்து ஆள் கூட்டிக்கொண்டு போகிறானாம். மெஹ்னாஸ், "நோன்பு முடியட்டும்க்கா, பெருநாள் கழிச்சுப் போலாம். ஆனா கண்டம்?" என்றாள்.

"அது ஒண்ணும் இல்லடி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். என்னையே உற்றுப் பார்த்தாள், கேட்கவில்லை. நல்ல பெண்.

வீட்டில் சொன்னேன். "நானும் வரேன்" என்றார்.

"வாங்க. பை பாத்துக்க ஆள் வேணும்."

ஏப்ரல் 6, ஞாயிறு

வந்ததும் எழுதுகிறேன். புடவை இன்னும் காயவில்லை.

தண்ணீர் முன்பைவிடக் குறைவு, பாறைகள் வெளியே தெரிந்தன. வழி முழுக்க இவர் பையை மடியில் கட்டிப் பிடித்தபடி வந்தார். பரிசல் துறையில் இறங்கியதும் சின்னராஜ் அடையாளம் கண்டுகொண்டான். சனியன் பிடித்த மைக்கும் கையில் இருந்தது.

"அட, நம்ம தியாகி சார்! என்னம்மா, ஜாக்கெட் போட்டுட்டீங்க? கண்டம் கழிஞ்சிடுச்சா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். நான் கிளிப்பைப் போட்டுக்கொண்டே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. திறக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேனே. மெஹ்னாஸ் என்னைப் பார்த்தாள். ஸ்வாதி அவள் அப்பாவைப் பார்த்தாள்.

இவர் பையின் வாரை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். இந்தத் தடவையும் என் தலையில்தான் வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வைத்தால் நடுத்துறையில் என்ன பேசுவேன் என்பதுகூடத் தயாராக இருந்தது, நாக்கு நுனியில்.

"அவளுக்கு அப்புடி ஒண்ணும் இல்லப்பா," என்றார். "எனக்குத்தான். தண்ணின்னா பயம்."

சின்னராஜ் மைக்கைக் கீழே இறக்கினான். பின்னால் ஒருவன் களுக்கென்று சிரித்தான். இவர் காது இரண்டும் சிவந்துவிட்டது. நான் திரும்பி அந்தச் சிரித்தவனைப் பார்த்தேன்.  அடங்கிவிட்டான்.

செருப்பைக் கழற்றினேன். என் பை, ஸ்வாதி பை, மெஹ்னாஸ் பை, அவள் அம்மாவின் கூடை, எல்லாவற்றையும் அவர் பக்கத்தில் வைத்தேன். குரங்கு விரட்டுகிற குச்சியையும் தேடி எடுத்துக் கையில் கொடுத்தேன்.

"ஜாக்கிரதைங்க, போனைத் தூக்கிட்டுப் போயிடும்."

"சரி," என்றார். "நீ கெட்டியாப் புடிச்சுக்க."

ஏறினேன். யாரும் இழுக்கவில்லை. ஸ்வாதி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், பயம் எனக்கு வரும் என்று நினைத்து. வந்தது. ஏன் மறைக்க வேண்டும், மறு கையால் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பாறைகளுக்கு நடுவே போய், சாரலில் நனைந்து, திரும்பி வரும்போது துறைக்குப் பக்கத்தில் பரிசல்காரர் துடுப்பை நிறுத்தினார். "சுத்தி விடவாம்மா?"

"சுத்துங்கண்ணா."

பாறை, வானம், மெஹ்னாஸின் அலறல், கரை. மறுபடி பாறை, வானம், கரை. ஒவ்வொரு சுற்றுக்கும் கரை ஒரு தடவை வந்து போனது. பைகளுக்கு நடுவில் குச்சியை வைத்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருந்தார், ஆற்றைப் பார்த்து.