தலையணைக்கு அடியில் ஏழு நாள்

ஜனவரி 9, வியாழன்

இன்றும் ஒரு நீலக்கல் திரும்பி வந்துவிட்டது. வாங்கிப் போனவரின் ஸ்கூட்டர் ஒரே வாரத்தில் இரண்டு தடவை பஞ்சராம். சனீஸ்வரன் கல் அல்லவா? ஒத்துக்கொண்டால் தூக்கிவிடும், இல்லாவிட்டால் கவிழ்த்துவிடும் என்று, நீலத்துணியில் சுற்றி ஏழு நாள் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்த பிறகுதான் ஜெய்ப்பூரில் யாரும் வாங்குவார்கள். ஜோஹரி பஜாரில் முப்பது வருஷக் கடை. என் வீட்டுக்காரர் போன பிறகு நான்தான் பார்க்கிறேன். பல்வலி, மாமியார் வருகை, பால் திரிந்தது – எல்லாப் பழியும் கல் மேல்தான். அதற்கு வாய் இல்லை. அதற்கும் சேர்த்து நான் பேசவேண்டியிருக்கிறது.

ஜனவரி 11, சனி

மைனா துகட் தன் மகன் தன்மய்யோடு கடைக்கே வந்தாள், என் மகள் பாருலைப் பெண் பார்க்க. பையனுக்கு ஏழரை நடக்கிறது, அதனால் நிச்சயதார்த்த மோதிரத்தில் நீலம் வேண்டுமாம். மஞ்சள் தங்கம் பிடிக்காது, வெள்ளைத் தங்கம்தான் வேண்டுமாம்.

"மஞ்சளா மாறிடாதே?" என்றாள் மைனா.

"மேல ரோடியம்னு வெள்ளை உலோகப் பூச்சுங்க." என்றேன். " போடப் போடத் தேயும், திரும்பப் பூசிக்கலாம். போட்டுக்காத மோதிரம்தான் மாறவே மாறாது."

கல்லை எடுத்துக்கொண்டாள். இது ஆகாத மாதம், சங்கராந்திக்கு முன்னால் எதுவும் வாங்கக் கூடாது. ஆனால் சோதனைக்கு எடுத்துப்போவது வாங்குவதில் சேராதாம்! "கல்லுக்கும் ஏழு நாள், பொண்ணு விஷயத்துக்கும் ஏழு நாள். அடுத்த சனிக்கிழமை ரெண்டுக்கும் சேர்த்துச் சொல்லிடறேன் சம்மந்தி." இப்போதே சம்மந்தி. எனக்கு உச்சி குளிர்ந்தது.

பாருலுக்கு இருபத்தொன்பது. நான்கு பேரை வேண்டாம் என்றவள். தன்மய் அவளுடைய லென்ஸை வாங்கிப் பார்த்து, உள்ளே நூல் மாதிரிக் கோடு தெரிகிறதே, குறையா என்று கேட்டான். "அதுதான் அசல்ங்கிறதுக்கு அத்தாட்சி" என்றாள். அவர்கள் போன பிறகு டீ கப் கழுவும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். இந்தப் பெண் பாடி எத்தனை வருஷம் ஆகிறது?

ஜனவரி 12

ஃபோன் இல்லை. நல்லதுக்குத்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 13, திங்கள்

மைனா கூப்பிட்டாள். பதினோரு வருஷமாக இழுத்த நில வழக்கு அவர்கள் பக்கம் தீர்ப்பாகிவிட்டது. "கல்லு பேசுது சம்மந்தி!"

"பாருலைப் பார்த்த வேளைன்னும் சொல்லலாமே" என்றேன், விளையாட்டாகச் சொல்வதுபோல.

"அட, இது கல்லோட வேலைங்க."

சரி. பாருல் தன் கையால் உருட்டிய எள்ளுருண்டையை நாளைக்குக் காலையில் அனுப்பவேண்டும்.

ஜனவரி 14, சங்கராந்தி

ஊரே மொட்டைமாடியில். பட்டம் விடும் ஆவலில் தன்மய் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி வழுக்கி விழுந்து, கை எலும்பு முறிந்துவிட்டது. செய்தி கேட்டதும் என் மனதில் முதலில் வந்தது 'ஐயோ பாவம்' இல்லை. 'நல்லவேளை, கல் அங்கே இருக்கிறது, பழி அதன் மேல் போகும்.' எழுதவே வெட்கமாக இருக்கிறது. பாருல் முகம் வெளுத்துப்போய் வாசலுக்கும் ஃபோனுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

ஜனவரி 15

பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். "வாங்க" என்றாள் மைனா. அவள் வாயில் இருந்த 'சம்மந்தி' காணாமல் போயிருந்தது.

"கல்லு வந்துது, கேஸ் ஜெயிச்சுது. உங்க வீட்டு எள்ளுருண்டை வந்துது, கை உடைஞ்சுது. நான் எதுவும் சொல்லலைங்க. நடந்ததைச் சொல்றேன்."

நல்லதெல்லாம் கல்லுக்கு, கெட்டதெல்லாம் என் பெண்ணுக்கா? அப்புறம் நான் செய்ததுதான் கேவலம். முப்பது வருஷமாகக் கல்லுக்கு வக்காலத்து வாங்கியவள், முதல் தடவையாக என் சரக்கை நானே தூற்றினேன். "நீலம் பொல்லாததுங்க. அதுல ஒரு கோடு வேற இருக்கு. திருப்பிக் குடுத்துடுங்க."

"அது அசலுக்கு அத்தாட்சின்னு உங்க பொண்ணே சொன்னாளே!"

தன்மய் கட்டுப் போட்ட கையோடு சோபாவிலேயே இருந்தான். எல்லாம் கேட்டான். "டீ சாப்பிடுங்க ஆன்ட்டி" என்றான். அவ்வளவுதான்.

ஜனவரி 16

பாருலிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

"கல்லைத் திட்டிட்டு வந்தியா? என் பொண்ணு என்ன தலகாணிக்கு அடியில வெச்சுப் பாக்கற சரக்கான்னு கேட்டியாம்மா?"

கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை – அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சமையலறையில் போய் அழுதேன்.

ஜனவரி 17

பாருல் அவனைக் கூப்பிட்டுப் பேசினாள். நான்கு நிமிஷம். "அம்மா என்ன சொல்றாங்களோ அதுதானாம்" என்றாள். அப்புறம் சாயங்காலம் வரை தலை நிமிராமல் கல் பிரித்தாள்.

ஜனவரி 18, சனி

மைனா வந்தாள். நீலத்துணியை மேஜையில் வைத்தாள். "கல்லு எங்களுக்கு அமோகமா ஒத்துக்கிச்சு, மோதிரம் பண்ணிடுங்க. பொண்ணு விஷயம்... இப்போதைக்கு வேணாமேன்னு பாக்கறோம்."

பாருல் துணியைப் பிரித்தாள். எங்கள் கல்தானா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தாள் – அந்த நேரத்திலும் தொழில்! இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். "கல்லு உங்களுக்கு ஒத்துக்கிச்சு ஆன்ட்டி. நீங்கதான் கல்லுக்கு ஒத்துக்கலை."

"விக்கிற இடத்துல இப்படியா பேசுவாங்க?" என்று மைனா என் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கல்லும் சரி, என் பொண்ணும் சரி, இங்க விக்கிறதுக்கு இல்லைங்க" என்றேன். இந்தத் தடவை சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 3

பாருல் அந்த நீலத்தை வெள்ளைத் தங்கத்தில் தனக்கே மோதிரமாகக் கட்டிக்கொண்டாள். "ஏழு நாள் வெச்சுப் பாத்துட்டுப் போட்டுக்கோயேன்" என்று என் வாயே சொல்லிற்று. இத்தனை வருஷம் அந்தச் சோதனையைப் பார்த்துச் சிரித்தவள் நான்!

"அவங்க வீட்ல ஏழு நாள் இருந்து என்னைக் காப்பாத்தியிருக்கு. இதுக்கு மேல என்னம்மா சோதனை?"

ஆகஸ்ட் 21

பாருல் அரை மணி தாமதம். ஸ்கூட்டர் பஞ்சர், தள்ளிக்கொண்டே வந்தாளாம். இருவரும் ஒரே நேரத்தில் மோதிரத்தைப் பார்த்தோம். "திருப்பிக் குடுத்துடலாமா?" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வளையத்தின் அடிப்பக்கம் நன்றாகவே மஞ்சளாகிவிட்டது. வாடிக்கையாளரிடம் பூச்சு ஒன்றரை வருஷம் தாங்கும் என்கிறேன். இவள் ஆறு மாதத்தில் தேய்த்துவிட்டாள். பாத்திரம் தேய்க்கும்போதும் கழற்றுவதில்லை. பூச்சுக்குக் கொடு என்று கை நீட்டினேன். அடுத்த வாரம் தருகிறேன் என்றாள். போன வாரமும் இதையேதான் சொன்னாள்.