காட்டு உள்ளானுக்கு வைத்த கைநாட்டு

என் பிரியமுள்ள கம்பவுண்டர் அண்ணனுக்கு,

தேவிகுளம் தாலூகா மெட்ராஸோடு சேருமா கேரளத்தோடு போகுமா என்று டீக்கடையில் அடித்துக்கொண்டு, கடைசியில் கேரளம் என்று முடிவான வருசம். அந்த ஐப்பசியில்தான் சாந்தன்பாறை ஏலத்தோட்டத்தில் அந்தப் பறவை என் கையில் கிடைத்தது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிற நேரம் போக, நீங்கள் பறவைகளுக்குப் பின்னால்தான் நடப்பீர்கள். நான் களை வெட்டுகிறவன். ஓடையோரம் எது புதிதாக வந்து இறங்கினாலும் முதலில் என் கண்ணில்தான் படும். பனி தொடங்கும்போது வடக்கேயிருந்து காட்டு உள்ளான் வரும், எப்போதாவது ஒன்றுதான் வரும், மூன்று வருசமாகத் தேடுகிறேன் என்றீர்கள்.

பறவை கையில் கிடைத்ததற்கு முந்தின வருசமே நான் ஒன்றைப் பார்த்துச் சொன்னேன். நீங்கள் நம்பி, பறவைகளை ஆராய்கிற ஒரு பெரியவருக்கு எழுதிப் போட்டீர்கள். கூலிக்காரன் பேச்சு சாட்சியாகாது, பறவையின் தோலை அனுப்பு என்று பதில் வந்ததாம். அதை நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. தோட்டத்து ஆபீஸ் கிளார்க் சொல்லித்தான் தெரியும்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் உள்ளான் ஒன்று குளிரில் விறைத்துச் சருகில் கிடந்தது. சருகு நிறம், விரல் நீள மூக்கு, பின்னந்தலைக்குத் தள்ளி கண். சூடு வேண்டுமென்று ஏலக்காய் வாட்டுகிற ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, காய்த்தட்டில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு உங்களைக் கூப்பிட வந்தேன். பச்சைக்காயே சுருங்குகிற சூடு அது என்பது புத்தியில் ஏறவில்லை.

நாம் வந்தபோது வாயைப் பிளந்து கிடந்தது. அடுப்புக்கு விறகு தள்ளுகிற அங்கம்மா சொன்னாள்: "ஏண்டா பெரியகருப்பா, பதம் பாக்கணும்னா எங்கிட்டயில்ல சொல்லியிருக்கணும்."

வெளியே கொண்டுவந்து, மருந்துக் குழாயால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டீர்கள்.

"செத்தாலும் தோலாச்சுல்லண்ணே," என்றேன்.

"அவரு நம்புறதுக்கு இது சாகணுமாக்கும்? தள்ளி நில்லுப்பா, காத்து வரட்டும்."

உச்சிவெயிலுக்கு எழுந்து நின்றது. நம்மைப் பார்த்தது. ஏலச்செடிக்குள் தாழப் பறந்து போயே போய்விட்டது. தோலும் இல்லை, இறகும் இல்லை. நீங்கள் நோட்டை எடுத்து எழுதி வாசித்தீர்கள்: "கண்டவர் பெரியகருப்பன், களைவெட்டு. இரண்டு வருசமும் இவரே முதலில் கண்டார்."

என் பெருவிரலில் மை தடவினீர்கள். "மொத வருசத்துக்குமாண்ணே?"

"ரெண்டுக்கும்தான். நல்லா அமுக்கு. மம்பட்டி புடிச்ச கை, ரேகையே விழமாட்டேங்குது."

கூலி வாங்கும்போது செக்ரோலில் எத்தனையோ தடவை விரலை உருட்டியிருக்கிறேன். நான் பார்த்ததை நான் பார்த்ததாகவே ஒருவர் எழுதிக்கொண்டது அந்த ஒரு தடவைதான். அந்தப் பெரியவர் நம்பினாரா அண்ணே? நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நீங்கள் போன பிறகு ஸ்டோருக்குக் கரண்டு வந்துவிட்டது. போன ஆவணியில் அங்கம்மாவும் நீங்கள் போன இடத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். கடைசிவரைக்கும் என்னை 'உள்ளான் வறுத்தவன்' என்றுதான் கூப்பிட்டாள்.

இந்த ஐப்பசியும் ஓடைப்பக்கம் போவேன். கண்டால் கண்டேன் என்பேன். மங்கலாகத் தெரிந்தால் மங்கல்தான் என்பேன். ஒரு இறகுகூடக் கூட்டிச் சொல்ல மாட்டேன், இது சத்தியம். அன்றைக்கு அதைப் பார்த்தவர்களில் மிச்சமிருப்பவன் பெயரை மகளைக் கீழே எழுதச் சொல்கிறேன்.

உங்கள் கூடப்பிறக்காத தம்பி,
பெரியகருப்பன்