நகராத புள்ளி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

மெயிலில் கேட்டால் நீ ஒரு வரியில் தப்பித்துவிடுவாய். தாளில் கேட்டால் பக்கத்தை நிரப்பியாக வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம்.

வானியல் ஆராய்ச்சிப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்துவிட்டது. குதிக்க வேண்டிய நேரத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதே வாரம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்திலிருந்தும் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நிரந்தர வேலை, வீட்டிலிருந்து நடந்தே போகலாம். படிக்கப் போனால் அப்பா தனி ஆளாகிவிடுவார். அம்மா போன பிறகு அவர் ஒழுங்காகச் சாப்பிடுவதே நான் எதிரில் உட்கார்ந்து முறைப்பதால்தான்.

அவரையே கேட்டேன். "எனக்கு ரொட்டி வேகுறது தெரியும், நட்சத்திரம் வேகுறது எங்க தெரியும்? அக்காவைக் கேளு. அவ என்ன சொல்றாளோ அதான்" என்று சொல்லிவிட்டு ரொட்டித் தொழிற்சாலைக்குக் கிளம்பிவிட்டார்.

இத்தனை வருஷமாக அதிலேயே கிடக்கிறாய். நீ சொல். போகவா, வேண்டாமா?

நாற்காலியில் உட்கார்ந்து முதுகு போகிறது என்றாயே, அப்பா தன் கையாலேயே ஒரு தலையணை தைத்துப் போன வாரமே தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறார். போன வருஷத்து ஸ்வெட்டர் போல இதுவும் வழியில் தொலையாமல் வந்தால் சரி.

உன் வாலு

&nbsp;

மார்ச் 19

என் அருமை வாலுவுக்கு,

தலையணை பத்திரமாக வந்தது. தையல் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி அப்பாவின் நடை மாதிரியே இருக்கிறது. மலைமேல் எங்களுக்குக் கொடுத்திருக்கும் அறையில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. வேலைக்குப் போகும்போது தூக்கிக்கொண்டு போய் முதுகுக்கு வைத்துக்கொள்கிறேன். "பிள்ளையைத் தூக்கிட்டு வந்தாச்சா?" என்று எல்லோரும் கேலி செய்கிறார்கள்.

நீ கேட்டதற்கு என்ன சொல்ல? இங்கே யாரும் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்ப்பதில்லை. வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கிற பெரிய கிண்ணம் வெளியே நிற்கிறது. நாங்கள் உள்ளே உட்கார்ந்து திரையில் கோடுகளைப் பார்க்கிறோம். அலை அத்தனை மெல்லியது. பக்கத்தில் ஒரு செல்ஃபோன் முணுமுணுத்தாலே எல்லாம் கெட்டுவிடும். கீழே கேட்டிலேயே ஃபோனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள்.

என் வேலை ஆகஸ்டோடு முடிகிறது. இது மூன்றாவது இடம். நாலாவது இருக்கிறதா என்றே தெரியாது. இதைச் சொன்னால் இந்தத் துறைக்கு வராதே என்று ஆகிவிடும். ஆனால் போன வாரம் திரையில் ஒரு துடிப்பு வந்தது. ஒரே சீராக, விட்டுவிட்டு. இதுவரை யாரும் பார்த்திராத மாதிரி. அதைச் சொன்னால் வா என்று ஆகிவிடும்.

யாரிடமும் சொல்லாதே. இது உறுதியானால் என் வேலையும் நிலைக்கும், உனக்கும் தைரியமாக ஒரு பதில் சொல்வேன். கொஞ்சம் பொறு.

உன் அக்கா

&nbsp;

ஏப்ரல் 3

அக்கா, அக்கா, அக்கா!

யாரிடமும் சொல்லாதே என்றாய். அப்பாவும் அந்த 'யாரிடமும்' கணக்கில் வருவாரா? தெரியாமல் சொல்லிவிட்டேன். அவர் போய் அடுப்புப் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரிடமும், "என் பெரிய பொண்ணு வானத்துல ஒரு சத்தத்தைப் பிடிச்சுட்டா" என்று சொல்லி, கேட்டவர்கள் வாயைப் பிளந்து நின்றதில் ஒரு தட்டு ரொட்டி கருகிவிட்டதாம்.

சாயங்காலம் வந்து, "நீயும் போடி. ரெண்டு பேரும் வானத்தைப் பாத்துட்டிருந்தா எனக்குப் பெருமைதானே" என்றார். சொல்லிவிட்டுச் சாப்பிட்ட தட்டை வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தார்.

தண்ணீர்க் கூடத்துக்கு வரவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டேன். நாலாவது இடம், அஞ்சாவது இடம் என்று இனி பயம் காட்டாதே.

உன் வாலு

&nbsp;

ஏப்ரல் 15

வாலு,

யாரைக் கேட்டு எழுதிக்கொடுத்தாய்? பொறு என்று எழுதினேனா இல்லையா? உடனே போய், அந்த வேலையைத் திரும்பக் கேள்.

அந்தத் துடிப்பு என் முறையில் மட்டும்தான் வருகிறது. வேறு யார் உட்கார்ந்தாலும் வாயை மூடிக்கொள்கிறது. "வானத்துக்கு உன்மேல காதல்" என்று மற்றவர்கள் சிரிக்கிறார்கள். எங்கள் குழுத் தலைவர் சிரிக்கவில்லை. கட்டிடத்தில் இருக்கிற விளக்கு, விசிறி, கடிகாரம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். அப்படியும் வருகிறது. நம்பவும் பயமாக இருக்கிறது, விடவும் முடியவில்லை.

உன்மேல் கோபமில்லை. பயம்தான்.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

போய்க் கேட்டேன். என் இடத்தில் வேறொரு பெண் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு சீசாவைக் குலுக்கிக்கொண்டிருக்கிறாள். அந்தக் கதை முடிந்தது.

நீ சிரிக்கட்டும் என்று ஒன்று எழுதுகிறேன். அப்பா சாப்பிடும்போதுகூட ஃபோனில் ஏதோ வரைபடத்தை உற்றுப் பார்க்கிறார். என்னப்பா என்றால் ஒரு புள்ளியைக் காட்டி, "இதான் அக்கா" என்கிறார். சாவி தொலையாமல் இருக்கக் கொத்தில் மாட்டுவார்களே வட்டமாக ஒரு பொத்தான், அதைப் பஞ்சோடு சேர்த்து உன் தலையணைக்குள் வைத்துத் தைத்திருக்கிறார்! "ஸ்வெட்டர் மாதிரி தொலைஞ்சிடக் கூடாதுல்ல. பக்கத்துல யாரோட ஃபோன் இருந்தாலும் இது கூப்பிட்டுச் சொல்லிடும், எனக்கு இங்க தெரிஞ்சுடும்." அந்தப் புள்ளி உங்கள் கேட்டிலேயே நிற்கிறது. அதற்கு மேல்தான் யாரிடமும் ஃபோன் கிடையாதே. "கொஞ்சம்கூட நகர மாட்டேங்கறாளே" என்று தினமும் அலுத்துக்கொள்கிறார்.

அக்கா, சிரிப்பு என்றுதான் ஆரம்பித்தேன். எழுதும்போதே கை நின்றுவிட்டது. அந்தப் பொத்தான் சும்மா இருக்காது இல்லையா? ரேடியோ அலையில் விட்டுவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டேதானே இருக்கும்? உன் ஆபீஸ் ஃபோனுக்குப் பேச எடுத்தேன். என்னவென்று கேட்பது? வைத்துவிட்டேன். நான் நினைப்பது தப்பு என்று எழுது.

வாலு

&nbsp;

மே 12

என் வாலுவுக்கு,

நீ நினைத்தது தப்பில்லை. தலையணையை அறையில் விட்டுவிட்டுப் போனேன், துடிப்பு வரவில்லை. கொண்டுபோனேன், வந்தது. பிரித்துப் பார்த்தேன், பஞ்சுக்கு நடுவில் இருந்தது. இத்தனை நாளும் நான் காது கொடுத்துக் கேட்டது அப்பாவைத்தான்.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். "என் அப்பாவா இருந்தா அவரும் வச்சிருப்பார்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. என் வேலையை நீட்டிக்க இனி வழியில்லை. வேறொரு நாட்டில் ஒரு இடத்துக்கு எழுதியிருக்கிறேன்.

போகவா வேண்டாமா என்று கேட்டாய். எனக்கு இப்போதும் தெரியவில்லை. அந்தத் துடிப்பை முதலில் பார்த்த அன்று நான் அழுதேன். பொய் என்று தெரிந்த பிறகும் அப்படி ஒரு நாள் திரும்ப வேண்டும் என்றுதான் இருக்கிறது. இந்தப் புத்தியை வைத்துக்கொண்டு உனக்கு எந்தப் புத்தி சொல்ல? உன்னை ஆற்றில் இறக்கிவிட்டுக் கரையில் நின்று கத்துகிற மாதிரி இருக்கிறது. அதுகூடச் சரியில்லை, நானும் தண்ணீரில்தான் இருக்கிறேன்.

பொத்தானைக் குப்பையில் போட மனமில்லை. இந்த உறைக்குள்ளேயே வைக்கிறேன். அப்பாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம். தெரிந்தால் தாங்கமாட்டார்.

அக்கா

&nbsp;

மே 28

அக்கா,

பொத்தானை உறையில் போடும்போது நீ ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். நானாக இருந்தாலும் யோசித்திருக்கமாட்டேன், அதனால் உன்னைக் குறை சொல்லவில்லை.

போன வாரம் அப்பா வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்தார். "பெரியவ கிளம்பிட்டாடி! புள்ளி நகருது!" உன் கடிதம் வந்துசேராததால் எனக்கும் ஒன்றும் தெரியாது. நானும் நம்பினேன். புள்ளி மலையிலிருந்து இறங்கி விமான நிலையத்தில் நின்றது. "சொல்லாம வந்து நிக்கப் போறா, நமக்குத் தெரியாதுன்னு நினைப்பு" என்று அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. உன் அறையைக் கழுவினார். கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கி விரித்தார். "நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே" என்று எனக்கு நடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

நேற்றுக் காலை புள்ளி நம் தெருவுக்குத் திரும்பியது. அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு வாசலில் போய் நின்றார். தபால்காரர் வந்து சைக்கிளை நிறுத்தினார்.

நான் உறையை வாங்கிய பிறகும் அப்பா தெருக்கோடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உறையைப் பிரித்தேன். பொத்தான் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"ஏன் திருப்பி அனுப்பிட்டா? அங்க வேலை செய்யலையா?"

"நல்லா வேலை செஞ்சுதுப்பா."

"அப்படியா" என்றார். கொஞ்சம் முகம் தெளிந்தது. பொத்தானைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கட்டிலில் போட்ட விரிப்பை மட்டும் இரண்டு பேருமே எடுக்கவில்லை.

திங்கட்கிழமை நான் கிளம்புகிறேன். ஆசைப்பட்டுப் போகிறேனா, வேறு வழியில்லாமல் போகிறேனா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. உன் பதிலுக்கு இனிக் காத்திருக்கவும் மாட்டேன். உன்னிடம் பதில் இல்லை என்று தெரிந்ததில் என்னவோ உன்மேல் பாசம்தான் கூடிவிட்டது.

இன்று அப்பா பொத்தானுக்குப் புது பேட்டரி போட்டார். "நீ போற இடத்துல ஃபோன் உண்டுல்ல?" என்றார். உண்டு என்றேன். பெட்டியைத் திறந்து என் துணிகளுக்கு நடுவில் வைத்தார். மூடிவிட்டுக் கேட்டார்: "நீயாவது அப்பப்ப நகருவேல்ல?"

தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய?

உன் வாலு